காபெட் போட்டாச்சு, தண்ணி எங்க போறது?

எங்கட மாவட்டத்து வீதிகள் நடுவில் இருந்து பழுதாகிறது குறைவு. கரையில் இருந்துதான் பழுதாகுது. முதலில் தார் விளிம்பில் மயிர் போல ஒரு வெடிப்பு வரும். அடுத்த மழைக்கு அது துண்டு துண்டாகக் கழரும். அதுக்கடுத்த மாரிக்கு ஒரு முழ அகலத்துக்கு விளிம்பே இருக்காது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிள் அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்குது. இரவில், மழைத்தண்ணி பள்ளத்தை மூடியிருக்கிற நேரம், ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ அது போதும்.

வீதியைப் பற்றிக் கதைக்கிறபோது எத்தனை கிலோமீற்றர், எத்தனை கோடி, யார் நாடா வெட்டினார் என்றுதான் கதைக்கிறோம். ஒரு இலட்சம் கிலோமீற்றர் என்று பெயர் வைத்தே 2020இல் ஒரு திட்டம் வந்தது. கிலோமீற்றரை எண்ணுவது சுகம். கானை யாரும் எண்ணுறதில்லை. கான் இருந்தாலும் அது எங்க போய் முடியுது என்று கேட்கிறதில்லை.

திருகோணமலை வீதிகளின் ஓரத்துக்கு எந்த வகை வடிகான் பொருந்தும், எது பொருந்தாது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எங்கட முடிவை முதலே சொல்லிவிடுறோம். கானின் வகை இரண்டாவது கேள்வி. அதன் வாய் எங்க இருக்கு, அதை யார் திறந்து துப்புரவாக்குறது என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கான், எவ்வளவு கொங்கிறீட் கொட்டினாலும், நீளமான ஒரு தொட்டிதான்.

தண்ணி வீதியை என்ன செய்யுது?

காபெட் என்று நாங்கள் சொல்லுற கறுப்புப் படை பெரும்பாலும் இரண்டு அங்குல அளவுதான். லொறியின் பாரத்தைத் தாங்குறது அதுக்குக் கீழே இருக்கிற கல்லும் கிறவலும், அதுக்கும் கீழே இருக்கிற மண்ணும். தம்பலகாமத்தில் வயல் செய்யிற ஆட்களிடம் கேட்டால் இதை ஒரு வரியில் சொல்லுவார்கள். காய்ந்த வரம்பில் உழவு இயந்திரம் ஏறும். தண்ணி ஊறின வரம்பில் ஆள் நடந்தாலே கால் புதையும்.

வீதிக்கும் அதே கதைதான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் தண்ணி நிறைந்திருக்கிற நேரம் சில்லு ஏறினால், பாரம் கல்லில் விழாமல் தண்ணியில் விழும். நசுக்கப்பட்ட தண்ணி வழி தேடி வெளியே பாயும். பாயும்போது நுண்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். கீழே பொந்து விழும், மேலே வெடிக்கும். கரையில் இது இன்னும் மோசம். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து வீதி போடுறதால் மழை முழுக்க கரைக்குத்தான் வடியுது. அந்தக் கரைக்குப் பக்கத்தில் தாங்கிப் பிடிக்கவும் ஒன்றும் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் மக்கடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: பாரத்தைச் சுமக்கிறது உலர்ந்த மண், வீதி அந்த மண்ணுக்குப் போட்ட கூரை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓடவிட்டு ஒரு பெரிய வீதிப் பரிசோதனை செய்தார்கள். பனி உருகி மண் ஊறிக்கிடந்த வசந்தகாலத்தில்தான் சேதம் குவிந்தது. அதே லொறி, அதே பாரம், ஆனால் மண்ணில் இருந்த தண்ணி வேற.

எங்களுக்குப் பனி இல்லை, மாரி இருக்கு. திருகோணமலைக்கு வருஷத்தில் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவு மழை. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஏழு மீற்றர் அகல வீதி, ஒரு கிலோமீற்றர் நீளம், ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை. வீதியின் முதுகில் மட்டும் விழுகிற தண்ணி 7 இலட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசர் என்றால் 70 பவுசர். பக்கத்துக் கூரைகள், முற்றங்கள், ஒழுங்கைகளில் இருந்து வருகிறதை இதில் சேர்க்கவே இல்லை.

நாலு வகைக் கான்

முதலாவது, மண் கான். வீதியோரத்தில் அகலமாக, ஆழமில்லாமல், புல் வளரவிட்ட பள்ளம். செலவு குறைவு. மணல் நிலத்தில் தண்ணியில் ஒரு பகுதியை நிலமே குடித்துவிடும், மிச்சம் மெதுவாக ஓடும். சரிவு மென்மையாக இருந்தால் தவறி இறங்கின வாகனம் கவிழாமல் நிற்கும். ஆனால் இடம் வேணும். வருஷத்துக்கு ஒருமுறையாவது மண்ணைச் செதுக்க வேணும். வீட்டுக்காரர் வாசலுக்குக் கிறவல் போட்டு நிரப்பிவிட்டால் கான் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

இரண்டாவது, கருங்கல்லிலோ கொங்கிறீட்டிலோ கட்டின திறந்த கான். குறைந்த இடத்தில் நிறையத் தண்ணி போகும், சரிவில் மண் அரிக்காது. அடைத்தால் எல்லாருக்கும் தெரியும், ஒரு மண்வெட்டியோடு இறங்கித் துப்புரவாக்கலாம். ஆனால் பிள்ளைகளும் மாடுகளும் விழும், இரவில் வாகனங்களும் விழும். நெருக்கமான கடைத்தெருவில் நாறும்.

மூன்றாவது, மேலே ஸ்லாப் போட்டு மூடின கொங்கிறீட் கான். இப்போது 'அபிவிருத்தி' என்றால் சனத்தின் கண்ணுக்குத் தெரியிற உருவம் இதுதான். மேலே நடக்கலாம், பார்க்க வடிவு. இதிலுள்ள சிக்கல் என்னவென்றால், வீதித் தண்ணி உள்ளே போக கரைக்கல்லில் விடுற ஓட்டை. அது சின்னனாக இருந்தால் ஒரு பொலித்தீன் பை போதும், கான் காய்ந்து கிடக்கும், வீதி குளமாக நிற்கும். உள்ளே மண் நிறைந்தாலும் வெளியே தெரியாது. ஸ்லாப்பைத் தூக்கப் பிடி வைக்காமல் சாந்து பூசி ஒட்டிவிட்டால் அதுக்குப் பிறகு அது கான் இல்லை, நடைபாதை.

நாலாவது, கண்ணுக்கே தெரியாத நிலத்தடி வடிகால். காபெட்டின் ஓரத்தோடு ஒரு அகழி வெட்டி, மண்ணை மறித்துத் தண்ணியை மட்டும் விடுகிற துணியைச் சுற்றி விரித்து, உள்ளே சுத்தமான கல்லும் ஓட்டை போட்ட குழாயும் வைத்து மூடுறது. இதன் மூத்த வடிவத்தை 'பிரெஞ்ச் ட்ரெயின்' என்பார்கள். பிரான்ஸ் நாட்டோடு இதுக்குத் தொடர்பில்லை. 1859இல் பண்ணை வடிகால் பற்றிப் புத்தகம் எழுதின ஹென்றி பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது. பிற்காலத்தில் இதுக்குப் பதிலாக, துணி சுற்றின மெல்லிய பிளாஸ்டிக் பலகையை ஒடுங்கின வெட்டுக்குள் செருகுற முறையும் வந்தது. வேலை கெதியாக முடியும். மண் மூடி இறுக்குறபோது பலகை மடங்கி நசுங்கவும் கூடும்.

இந்த நாலையும் ஒரே தராசில் வைக்க முன்னம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேணும். முதல் மூன்றும் மேல்தண்ணிக்கு. நாலாவது உள்தண்ணிக்கு, அதாவது வெடிப்பு வழியாகவும் பக்கத்து வயலில் இருந்தும் ஊறி காபெட்டுக்குக் கீழே போய் நிற்கிற தண்ணிக்கு. மழை வெள்ளத்தை எடுக்க நிலத்தடிக் குழாய் போட்டால் அது சேற்றால் நிறையும். கல்லுக்குள் ஊறின தண்ணியை எடுக்க மூடிய கான் கட்டினால், அதன் கொங்கிறீட் சுவரே தண்ணியை வீதிக்குள் மறித்து வைத்திருக்கும். அந்தச் சுவரில் தண்ணி கசிந்து வர ஓட்டைகள் விடாவிட்டால், கானும் கட்டி வீதியையும் ஊறப்போட்ட கதைதான்.

நிலத்தடிக் குழாயைப் புதுத் தொழில்நுட்பம் என்று கொண்டாட முன்னம் அமெரிக்காவின் அனுபவத்தையும் பார்க்கலாம். நெடுஞ்சாலை ஓரங்களில் பெருமளவில் புதைத்த குழாய்களுக்குள் பிறகு கமெரா விட்டுப் பார்த்தார்கள். நசுங்கின குழாய்களும் மண் அடைத்த குழாய்களும் நிறைய இருந்தன. வாய்ப்பக்கம் புல் மூடிப் போய் எங்க இருக்கு என்றே தெரியாதவையும் இருந்தன. வாய் அடைத்த குழாய், குழாயே இல்லாததை விட மோசம். எல்லாத் தண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்து வீதியின் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும்.

எங்கட நிலத்துக்கு எது?

திருகோணமலை ஒரே மாதிரியான நிலம் இல்லை. நகரம் கிழக்கே திறந்த கடலுக்கும் மேற்கே உட்துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கு. உவர்மலை, கோட்டை, கோணேசர் கோயில் பக்கம் பாறை. கடைத்தெருப் பக்கம் தட்டை. உப்புவெளி, நிலாவெளி பக்கம் மணல். சீனக்குடா தாண்டித் தம்பலகாமம், கந்தளாய் பக்கம் வயலும் வாய்க்காலும். கிண்ணியா, மூதூர் பக்கம் களப்பும் மகாவலியின் வெள்ளச் சமவெளியும். இவ்வளவுக்கும் ஒரே வரைபடத்தில் ஒரே கான் போட்டால் எங்கேயோ ஒரு இடத்தில்தான் அது சரிவரும்.

நிலாவெளி வீதி மாதிரி மணல் நிலத்தில் மூடிய கொங்கிறீட் கான் காசைப் புதைக்கிற வேலை. அங்க அகலமான மண் கான் போதும். ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேணும். காற்றும் வாகனமும் கொண்டுவருகிற மணல் வருஷா வருஷம் வீதியோரத்தில் ஏறும். அதில் புல் பிடிக்கும். கொஞ்சக் காலத்தில் மண்கரை காபெட்டை விட உயர்ந்துவிடும். பிறகு பக்கத்தில் எவ்வளவு பெரிய கான் இருந்தும் பயனில்லை, தண்ணி கானுக்குப் போகாமல் தார் விளிம்பிலேயே நிற்கும். அந்த வரம்பைச் செதுக்கி, வீதியை விடக் கொஞ்சம் கூடுதல் சரிவில் வைக்கிறதுதான் இருக்கிறதுக்குள் மலிவான வடிகால் வேலை.

கந்தளாய்ப் பக்கம் போகிற ஏ6 வீதியில் வயல் ஓரங்கள் வேற. அங்க வயலில் தண்ணி கட்டி நிற்கிற காலத்தில் பக்கத்து மண் எந்நேரமும் ஊறித்தான் இருக்கும். அந்தத் துண்டுகளில் வீதியை உயர்த்திப் போட்டு, கல் அகழி வடிகால் வைக்கிறதுக்கு நியாயம் இருக்கு. உவர்மலையில் மேட்டை வெட்டிப் போட்ட வீதியோரத்திலும் அப்படித்தான், மேலிருந்து ஊறி வருகிற தண்ணியை வீதிக்கு வர முன்னமே மறிக்கலாம். சரிவு இருக்கிறதால் குழாய்க்கு வாய் வைக்கவும் இடம் கிடைக்கும்.

தட்டையான நகரத்துக்குள் அதே குழாயைப் போட நினைத்தால் கணக்கு இடிக்கும். 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு வைத்தால் 400 மீற்றர் தூரத்தில் குழாய் இரண்டு மீற்றர் இறங்கியிருக்க வேணும். கடல் மட்டத்தில் இருந்து அதிகம் உயராத நிலத்தில், மாரி காலத்தில் அந்த ஆழத்தில் ஏற்கனவே நிலத்தடி நீர் நிற்கும். தண்ணி வெளியேறுறதுக்குப் பதிலாக உள்ளே வரும். மத்திய வீதி, என்.சி. வீதி மாதிரிக் கடைத்தெருக்களில் வேற வழியில்லை, மூடிய கான்தான். ஆனால் இரண்டு பேர் தூக்கக்கூடிய ஸ்லாப், பிடி, கைச்சிறங்கை ஓட்டைக்குப் பதிலாக அகலமான இரும்புக் கம்பி வாய், இடைக்கிடை மண் தங்குகிற குழி, இவை வேணும். கான் கிட்டத்தில் உள்ள கடலுக்குக் குறுகிய வழியில் போக வேணும். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் தண்ணியை மைல் கணக்கில் இழுத்துக்கொண்டு திரியத் தேவையில்லை.

கடல் என்றதும் இன்னொன்று. உட்துறைமுகத்துக்குள் போய் விழுகிற கானின் வழியே வீதியில் சிந்தின எண்ணெயும் கடைக் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்துதான் போகும். துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி உலகத்துக்கே பெருமை பேசுற நாங்கள், கானின் வாயில் ஒரு கம்பி வலையும் குப்பை அள்ள ஒரு ஆளும் வேணும் என்று கேட்கிறது பெரிய ஆசை இல்லை.

கிண்ணியா, மூதூர் வழியாகப் போகிற ஏ15 வீதியில் கதை முழுக்க மாறுது. முந்தி பாதையில் ஏறிக் கடந்த இடங்கள் அவை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தார்கள், மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. சனத்தின் வாழ்க்கையை மாற்றின வேலை அது. ஆனால் வெள்ளச் சமவெளியில் உயர்த்திப் போட்ட வீதி தானே ஒரு அணைக்கட்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகினபோது மூதூர், வெருகல் பக்கத்து ஊர்கள் தண்ணிக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான வெள்ளத்துக்கு வீதியோரக் கான் ஒரு பொருட்டே இல்லை. அங்க தேவை வீதிக்குக் குறுக்கே போதிய மதகுகளும், வெள்ளம் மேலால் பாய்ந்தாலும் உடையாத தாழ்ந்த துண்டுகளும்.

குளம் கட்டுறவர்களுக்கு இது புதுசு இல்லை. வான் இல்லாமல் யாரும் குளம் கட்டுறதில்லை. எவ்வளவு தண்ணியைத் தேக்கலாம் என்று யோசிக்கிற அதே நேரம் மிஞ்சினது எந்த வழியால் போகும் என்றும் யோசித்துத்தான் கட்டினார்கள். இவ்வளவு குளங்கள் இருக்கிற மாவட்டத்தில் வான் இல்லாத கான்கள் கட்டுப்படுறதுதான் எங்களுக்கு விளங்காத விஷயம்.

யாருடைய கான்?

ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வீதிகள் மாகாண சபையின் கீழ். மிச்ச ஒழுங்கைகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பு. தண்ணிக்கு இந்த எழுத்துகள் தெரியாது. பெரிய வீதியில் விழுந்த மழை ஒரு ஒழுங்கைக் கானுக்குள் இறங்கி, இன்னொருவரின் காணியோரமாகப் போய், கரையோரத்தில் வேறொரு நிறுவனத்தின் நிலத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும். ஒரு திட்டம் தன்னுடைய துண்டை மட்டும் கட்டி முடித்துவிட்டுப் போனால், மேல் கான் மூன்றடி, அது போய்ச் சேருகிற கீழ்க் கான் ஒன்றரை அடி என்று நிற்கும். அந்தச் சந்தியில்தான் வீடுகளுக்குள் தண்ணி ஏறும். கொந்தராத்து முடிந்து காசும் கொடுத்தாச்சு, புகைப்படமும் எடுத்தாச்சு. யாரிடம் கேட்கிறது?

இன்னொரு பக்கமும் இருக்கு. வாசலுக்கு முன் கானை மண்போட்டு மூடுறதும், குசினித் தண்ணிக் குழாயை அதுக்குள் விடுறதும், கடைவாசலைக் கூட்டி குப்பையைக் கம்பி வாய்க்குள் தள்ளுறதும் அதிகாரிகள் செய்யிற வேலை இல்லை. சனம் செய்யிறது. சட்டம் இருக்கு, ஆனால் ஒரு வாசலுக்கு எவ்வளவு அகலக் குழாய் வைத்துத்தான் மூட வேணும் என்று முதலே சொல்லி, வைத்தாச்சா என்று பார்க்க ஆள் வந்தால்தான் அது வேலை செய்யும்.

திறந்த கானைக் கேட்கிறவர்களைப் பார்த்து, 'நுளம்பு பெருகும், பிள்ளைகள் விழும்' என்பார்கள். பிள்ளைகள் விழுவது உண்மையான பயம்தான். அதனால்தான் பள்ளிக்கூடம், சந்தை, பஸ் தரிப்பிடம் பக்கம் மூடிய கான் வேணும் என்கிறோம். நுளம்புக் கதைக்கு மறுமொழி வேற. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் கொண்டுபோனது எங்களுக்கு நினைவிருக்கு. அந்த வருஷம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நுளம்பு பெருகுறது ஓடுகிற தண்ணியில் இல்லை, தேங்குகிற தண்ணியில். கானுக்கு மூடி போட்டு மறைத்தால் தேக்கம் இல்லாமல் போகாது, பார்வையில் இருந்து மட்டும்தான் போகும். சரிவும் வாயும் சரியாக இருந்தால் திறந்த கானில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணி இருக்காது.

'காசு இல்லாத நாட்டில் இதெல்லாம் ஆடம்பரம்' என்றும் சொல்லுவார்கள். 2022இல் இந்த நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. காபெட்டைப் பிணைக்கிற தார் மசகு எண்ணெயில் இருந்து வருகிற பொருள். டொலர் இல்லாத நாட்டுக்குத்தான் ஒரு முறை போட்ட காபெட்டைப் பதினைந்து வருஷம் காப்பாற்ற வேண்டிய தேவை கூட. மண்கரையைச் செதுக்க டொலர் தேவையில்லை. பழைய காபெட்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் புதுக் காபெட் போட்டு, வீதி உயர்ந்து வீட்டுப் படி தாழ்ந்து போகிற வேலைக்குத்தான் டொலர் தேவை.

நாங்கள் கேட்பது

பெரிய பட்டியல் இல்லை, மூன்றுதான்.

ஒன்று, ஒவ்வொரு வீதித் திட்டத்தின் பெயர்ப்பலகையிலும் நீளம், தொகை, கொந்தராத்துக்காரர் பெயரோடு, கானின் தண்ணி எந்த இடத்தில் வெளியேறுது, அதைத் துப்புரவாக்குறது யார் என்றும் எழுத வேணும். எழுத முடியாவிட்டால் வரைபடம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு, ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் முடிய முன்னம் கான் வாய்கள், மதகுகள் எல்லாம் திறந்து மண் அள்ளப்பட வேணும். மாரி எப்ப வரும் என்று எங்களுக்குத் தெரியும். டிசம்பரில் வெள்ளத்துக்குள் நின்று பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிடுறது பராமரிப்பு இல்லை.

மூன்று, அள்ளின மண்ணைக் கானின் கரையிலேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது. அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளேதான் போகும்.

எங்களால் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கு. இந்த மாரியில் நல்ல மழை விட்ட கையோடு உங்கட வீதியில் குடையோடு ஒரு நடை போங்க. தண்ணி எங்க நிற்குது, எந்த ஓட்டைக்குள் போகாமல் தாண்டி ஓடுது, கான் எங்க முடியுது என்று பாருங்க. போனில் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்க. கோடையில் வந்து அளக்கிற பொறியியலாளருக்கு அந்தத் தண்ணி தெரியாது. அதே வீதியில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். அடுத்த தடவை காபெட் போட ஆட்கள் வரும்போது, எத்தனை கிலோமீற்றர் என்று கேட்க முன்னம், அந்தப் படங்களைக் காட்டி, 'தண்ணி எங்க போறது?' என்று கேளுங்க.